உப்புப் பாக்கெட்டில் ஒரு தேதி

அப்பாவுக்கு பிபி 150/96 என்று காட்டிய அன்று டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்ல ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருது?" எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருக்கிற எண்ணெயாகத் தேடித் தேடி வாங்குகிற குடும்பம் (கடலையோ எள்ளோ, செடிகொடியில் வருகிற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அது தனிக் கதை), உப்பைப் பற்றி மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

புதுப் பாக்கெட்டைப் பிரித்த அன்றே அதன்மேல் பேனாவால் தேதியைக் கிறுக்கி வைத்தேன். 25 நாளில் தீர்ந்தது. நாங்கள் மூன்று பேர், ஆக தலைக்கு ஒரு நாளைக்கு 13 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். "சோறு வடிக்கிற கஞ்சியில பாதி போயிடுதே, அதையும் உங்கப்பா தலையில கட்டாத" என்றாள் அம்மா. நியாயம்தான். ஆனால் கடையில் வாங்குகிற வடுமாங்காய், மோர்மிளகாய், சாயங்கால மிக்சர் எதுவும் இந்தப் பாக்கெட்டின் கணக்கில் இல்லையே! அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, உப்பில் பிபியை ஏற்றுகிற சோடியம் அதிலும் உண்டு, நாக்குக்குத்தான் தெரியாது.

சோடியம் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தின் அளவு கூடும், அதைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் சுவர் தடித்துப் போகும், ரத்தக் குழாய்களும் விறைக்கும். வலியே இருக்காது. அதனால்தான் அப்பா "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பக்கத்து வீட்டில் இந்துப்புக்கு மாறச் சொன்னார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், ரோஸ் கலரில் இருக்கிறது, விலை கூட, அவ்வளவே. பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பு உண்மையிலேயே உதவும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிபி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

நாங்கள் செய்தது சின்ன விஷயம்தான். சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்தினோம், சாப்பாட்டு மேசையில் இருந்த உப்பு ஜாடி அலமாரிக்குள் போனது, குழம்பில் புளியும் மிளகும் கொஞ்சம் தூக்கல். அப்புறம் தினமும் அரை மணி நேரம் நடை, மாத்திரை அதுபாட்டுக்கு. முதல் பத்து நாள் அப்பா ரசத்தை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்றாவது வாரத்துக்குமேல் நாக்கு பழகிவிட்டது, கல்யாண வீட்டுச் சாம்பார் கரிக்கிறது என்று அவரே சொன்னார்.

அடுத்த பாக்கெட் 41 நாள் வந்தது. தலைக்கு 8 கிராம், இன்னும் கூடுதல்தான். போன வாரம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் பாதி காலியான வடுமாங்காய் பாட்டில் ஒன்று கிடைத்தது, அதைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதாம்.