சியோலின் அறுவை அரங்குகளில் கேமரா

2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் செய்யப்பட்ட அழகியல் சிகிச்சைகள், போடாக்ஸ் போன்ற ஊசிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 3.8 கோடி என்று பன்னாட்டு அழகியல் அறுவை மருத்துவர்கள் சங்கம் கணக்கிட்டுள்ளது. அறுவைகளில் மட்டும் பார்த்தால், அதுவரை முதலிடத்தில் இருந்த கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சையை அவ்வாண்டு கண்ணிமை அறுவை பின்னுக்குத் தள்ளியது.

இமை அறுவை என்றதும் நினைவுக்கு வருவது தென்கொரியத் தலைநகர் சியோலின் கங்னம் பகுதி. மேலிமையில் ஒரு மடிப்பை உண்டாக்கும் இச்சிறு அறுவையைப் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பெற்றோரே பரிசாகச் செய்துவைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வயதில் இது தேவைதானா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. பெயர்பெற்ற மருத்துவர் ஆலோசனை வழங்கி, நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்த பிறகு, அவருக்குத் தெரியாமலேயே வேறொருவர், சில இடங்களில் மருத்துவரே அல்லாதவர், கத்தியை எடுத்த நிகழ்வுகள் அந்நாட்டில் வெளிச்சத்துக்கு வந்தன. இத்தகைய அறுவைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, முழு மயக்கத்தில் நடக்கும் அறுவைகளுக்கு அரங்கில் கேமரா இருக்க வேண்டும் என்ற சட்டம் 2021-இல் நிறைவேறி, மருத்துவர் சங்கத்தின் கடும் எதிர்ப்பையும் மீறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

எனினும் நோயாளியோ உறவினரோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருந்தால் போதும். உண்மை வெளிவர ஆண்டுகள் பிடிக்கும் வழக்குகளுக்கு இந்தக் கெடு மிகவும் குறைவு என்றே கருதுகிறேன்.