படுக்க வைப்பதா, உட்கார வைப்பதா

என் அண்ணன் மகள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். படிப்பை முடித்தபின் அவள் தேசிய உரிமத் தேர்வை எழுத வேண்டும். 200 முதல் 800 வரையிலான மதிப்பெண் அளவில் 600 எடுத்தால்தான் தேர்ச்சி. நான் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில், பல ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைதோறும், எங்களுக்கு இரவும் அவளுக்குப் பிற்பகலுமாக இருக்கும் நேரத்தில், தொலைபேசியில் பாடங்களைத் திரும்பப் பார்க்கிறோம். அவளைப் போலப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால், அந்தப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம் அவள் எண்களை எல்லாம் தடுமாறாமல் சொன்னாள். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நிலைமாற்றத்தால் வரும் தாழ்வு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுத்து முள்ளெலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவரைச் சாய்வு மேசையில் நிமிர்த்தும்போது, முகம் வெளுத்துத் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்துவேன் என்றாள். சரியான விடை. அதே மனிதர் மறுநாள் கட்டிலில் படுத்திருக்கையில், தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்கிறார்; முகம் சிவந்து வியர்க்கிறது; நாடி மெதுவாக ஓடுகிறது. இப்போது என்ன செய்வாய் என்றேன். “படுத்தபடியே இருக்கச் சொல்லிக் கால்களை உயர்த்துவேன், அத்தை” என்றாள்.

அந்த விடை ஓர் உயிரை எடுத்துவிடக்கூடியது. அதனால் அன்று வேறு பாடத்துக்குப் போகாமல் அந்த ஒன்றிலேயே நின்றோம். தண்டுவடக் காயம் ஆறாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலும் மலம் கட்டினாலும், ஏன், உடை இறுக்கமாக இருந்தாலும்கூட, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து எழும் தூண்டுதல் காயத்துக்குக் கீழேயுள்ள இரத்தக் குழாய்களை ஒரேயடியாகச் சுருங்கச் செய்து அழுத்தத்தை ஏற்றிவிடும். மூளை அதை அறிந்து இதயத்தை மெதுவாக்குகிறது, காயத்துக்கு மேலேயுள்ள குழாய்களை விரிக்கிறது. முகம் சிவப்பதும் வியர்ப்பதும் அதனால்தான். ஆனால் குழாய்களைத் தளர்த்தும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போக முடியாது. எனவே அவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். இரத்தம் கீழே தங்கி அழுத்தம் சற்றே இறங்கும். உதவிக்கு ஆளை அழைத்துக்கொண்டே, சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்புப் பட்டையையும் உடைகளையும் தளர்த்த வேண்டும். இத்தகையவர்களின் வழக்கமான மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், கருவியில் 140 என்று கண்டு “இது பெரிதில்லை” என்று விட்டுவிடக் கூடாது.

ஒரே மனிதருக்கு ஒரு நாள் படுக்கை, மறுநாள் உட்காரல். காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் செயலை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, தேர்வறையின் பதற்றத்தில் இவை இரண்டும் குழம்பிப் போவது இயல்பு. ஒன்றுக்கொன்று எதிரானவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வது அதற்காகவே. இடுப்பு மூட்டு மாற்று அறுவையைப் பின்புறமாகச் செய்திருந்தால் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்குவதும், காலை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதும், உட்பக்கமாகத் திருப்புவதும் கூடாது. முன்புறமாகச் செய்திருந்தால் காலைப் பின்னுக்கு நீட்டுவதிலும் வெளிப்பக்கமாகத் திருப்புவதிலும்தான் எச்சரிக்கை வேண்டும். கைத்தடி வலியுள்ள காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும்.

கால் நீக்கப்பட்டவர்களைப் பற்றி அவளிடம் கூடுதலாகப் பேசினேன். எங்கள் சமூகத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அதனால் காலை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஓர் ஆயாவை (இங்கே பாட்டியை அப்படித்தான் அழைக்கிறோம்) அவருடைய மகள் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டார். வலி தெரியக் கூடாது என்று முழங்காலுக்கு அடியில் மென்மையான தலையணையை இரவும் பகலும் வைத்திருந்தார். நானும் அதைப் பார்த்தேன். அவ்வளவு அன்பைத் தடுக்க மனம் வராமல் அழுத்திச் சொல்லாமல் விட்டேன். சில வாரங்களில் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன் அந்த இறுக்கத்தை நீக்கவே ஆயா பல மாதங்கள் வலியைத் தாங்க வேண்டியதாயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் முழங்காலை நீட்டி வை, தொடையில் எடுத்தால் இடுப்பு மடங்கி இறுகாதபடி முடிந்தவரை குப்புறப் படுக்க வை என்று தேர்வுப் புத்தகம் சொல்லும் ஒரு வரியை நான் அந்த முழங்காலைக் கொண்டுதான் நினைவில் வைத்திருக்கிறேன்.

சர்க்கரை அளவில் மட்டும் அலகு எங்களைக் குழப்பியது. இங்கே கருவி 5.5 என்று காட்டினால் அங்கே அது ஏறத்தாழ 100. பதினெட்டால் பெருக்கினால் சரியாக வரும். 70-க்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்திச் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பதை நான் 3.9 என்றே நினைத்துப் பழகியிருக்கிறேன். பாத உணர்வைச் சோதிக்கும் பத்து கிராம் நைலான் இழையைப் பற்றி அவள் கேட்டபோது, தைப்பூசத்தன்று டர்பனின் கோடை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் காவடி தூக்கி வெறுங்காலுடன் நடப்பவர்களைச் சொன்னேன். அந்த இழை தொடுவதை உணராத பாதத்துக்குக் கொப்புளமும் தெரியாது. நேர்த்திக்கடனை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முந்தின வாரம் பாதத்தைச் சோதித்துக்கொள்ளும்படியும், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கும்படியும் வற்புறுத்துகிறேன்.

இவற்றைவிட அவளுக்குக் கடினமாக இருப்பது உதவியாளரின் எல்லை. நோயாளியை முதலில் மதிப்பிடுவதும், சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும் மாற்றுவதும் பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. திட்டத்துக்குள் நின்று பயிற்சி கொடுப்பது, அளப்பது, மாற்றத்தைக் கண்டால் நிறுத்தித் தெரிவிப்பது ஆகியவை உதவியாளரின் பொறுப்பு. போன சனிக்கிழமை, முழங்கால் அறுவை முடிந்து ஐந்து நாளான ஒருவரின் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது என்று ஒரு கேள்வி கொடுத்தேன். “பயிற்சியை நிறுத்துவேன். இரத்தக் கட்டி என்று அவரிடம் சொல்லமாட்டேன். உடனே பிசியோதெரபிஸ்டிடம் தெரிவிப்பேன்” என்றாள். வீக்கம் எவ்வளவு என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். சற்று யோசித்து, “முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கால்களிலும் அளந்து சொல்வேன், அத்தை” என்றாள்.