தொழுவமும் பட்டணமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தேவாலயத்து வேதபாட வகுப்பில் சென்ற மாதம் எண்ணாகமம் 32ஆம் அதிகாரத்தை வாசித்தோம். யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே யாசேர், கிலெயாத் நிலங்களின் மேய்ச்சலைக் கண்ட இஸ்ரவேலின் ரூபன், காத் கோத்திரத்தார், தங்களுக்கு ஆடுமாடுகள் மிகுதி என்றும், தங்களை ஆற்றுக்கு அப்பால் அழைத்துச் செல்ல வேண்டாம் என்றும் மோசேயிடம் கேட்கிறார்கள். சகோதரர் போருக்குப் போகையில் நீங்கள் இங்கே இருப்பதா என்று அவர் கடிந்துகொண்டபின், மந்தைகளுக்குத் தொழுவங்களும் பிள்ளைகளுக்குப் பட்டணங்களும் கட்டிவிட்டு முன்னணியில் வருவதாக ஒப்புக்கொள்கிறார்கள்.

மோசே விடை சொல்லும்போது வரிசை மாறுகிறது. பிள்ளைகளுக்குப் பட்டணங்கள் முதலில், ஆடுகளுக்குத் தொழுவங்கள் பிறகு. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத வேத உரையாசிரியர் ராஷி, பிள்ளைகளைக் காட்டிலும் உடைமையை அவர்கள் பெரிதாக எண்ணினார்கள் என்றும், முதன்மையானதை முதன்மையாக வைக்கும்படி மோசே திருத்தினார் என்றும் விளக்குகிறார். பலமுறை வாசித்த வசனங்கள்தாம். இந்த மாற்றம் இத்தனை ஆண்டுகளாக என் கண்ணில் படவே இல்லை. ஆயினும் அக்கோத்திரத்தார் சொன்ன சொல்லைக் காத்தார்கள். யூத மரபின் கணக்குப்படி, கானான் நாட்டைக் கைப்பற்ற 7 ஆண்டுகள், பங்கிட 7 ஆண்டுகள் என 14 ஆண்டுகள் கழித்தே அவர்கள் வீடு திரும்பினார்கள்.

என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது சட்டம் பற்றிய பகுதி. கடந்துவந்தால் கிலெயாத் உங்களுக்கு, வராவிட்டால் கானானில் எங்கள் நடுவே பங்கு என்று மோசே இரண்டு பக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறார். இதைக் கொண்டு, காத், ரூபன் புத்திரரின் நிபந்தனையைப் போல் அமையாதது நிபந்தனையே அல்ல என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், மண ஒப்பந்தம் பற்றிய கித்துஷின் பகுதியில் ரபி மெயிர் தீர்மானிக்கிறார். ரபி ஹனினா அதை ஏற்கவில்லை. எனக்கோ ரபி மெயிர் சொல்வதே சரியென்று படுகிறது; அதற்குக் காரணம் நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டம்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது தோட்டம் கைமாறியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டுப் போக நேர்ந்தால் மாற்று வீடு தருவோம் என்று, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் சொன்னார்கள். எப்போது என்றோ, தராவிட்டால் என்ன என்றோ அவர்கள் சொல்லவில்லை, எங்களவர்களும் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள், வீடு வரவில்லை. வாக்குறுதியின் ஒரு பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

அப்போது அப்பாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஆற்றோரப் புறம்போக்கில் குடிசை போட்டால் எங்கள் இரண்டு பசுக்களையும் வைத்துக்கொள்ளலாம்; அவற்றின் பால்தான் எங்கள் வீட்டுச் செலவில் பாதியைத் தாங்கியது. பட்டணத்தில் வாடகைக்குப் போனால், மலேசிய இந்தியத் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் நிறுவி 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலைக்குத் தம்பி நடந்தே போகலாம். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் அப்பா பசுக்களை ஓட்டிக்கொண்டு போனார். மாலையில் கயிறுகளை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, வாடகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.