கோ என்றால் மாடு இல்லைங்க

பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிய அம்மா, சங்கத்தின் பெயரைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கோசாலையா சார்? எத்தனை மாடு நிக்குது?"

மாடு இல்லைங்க, கோ என்கிற விளையாட்டு என்றேன்.

"அப்ப கோ-கோவா? ஒரு கோ விட்டுப்போச்சு பாருங்க" என்று பேனாவைத் திறந்துவிட்டார். பையிலிருந்து ஒன்பதுக்கு ஒன்பது கோடு போட்ட சின்னப் பலகையை எடுத்து மேசையில் வைத்தேன். ஆடு புலி ஆட்டத்தில் ஆடெல்லாம் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கிறதல்லவா, இதுவும் அடைக்கிற ஆட்டம்தான், ஆனால் தாவுகிற புலி கிடையாது, வைத்த காய் நகரவும் நகராது என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் கோயில் மண்டபத் தரையில் ஆடியிருக்கிறாராம். "இதையே நோக்கம்னு வர்ற இடத்துல ஒரு வரி எழுதிட்டு வாங்க. படிக்கிறவங்களுக்குப் புரியணுமில்ல" என்றார். நியாயம்தான். அன்றைக்குத் திரும்பினோம்.

கும்பகோணத்தில் இந்த ஆட்டத்துக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று யாரும் அழவில்லை. 2016 மார்ச்சில் ஆல்பாகோ என்ற கணினி நிரல், கொரியாவின் கோ வீரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என்று தோற்கடித்த செய்தியைப் பார்த்துத்தான் நானே கற்றுக்கொண்டேன். பாத்திரக்கடை மாமாவின் மாடியில் மூன்று பேராக ஆரம்பித்தோம். மாயவரத்திலிருந்து இருவர், மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி, திருவாரூரிலிருந்து கணக்கு டீச்சர் என்று ஆள் சேர்ந்தது. இரண்டு போட்டிகளும் நடத்திவிட்டோம். நுழைவுக் கட்டணமெல்லாம் என் செல்போன் கணக்கில்தான் விழுந்தது. "இது யார் பணம், எதுக்கு வருது?" என்று வீட்டில் கேள்வி வந்தது. மூன்றாவது போட்டிக்கு மண்டபம் கேட்ட இடத்தில், பதிவு பெற்ற சங்கத்தின் கடிதம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். சரி, இனித் தப்பிக்க முடியாது.

அப்போதுதான் சர்வதேச கோ கூட்டமைப்பின் கதையைத் தேடிப் படித்தேன். அங்கேயும் போட்டிதான் மூத்தது. உலக அமெச்சூர் கோ போட்டி 1979இல் டோக்கியோவில் தொடங்கியது, கூட்டமைப்பு பிறந்தது 1982இல். இன்றைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. முதலில் ஆடினார்கள், கணக்கு வழக்கு அப்புறம் வந்தது. எங்களைப் போலத்தான் என்று ஒரு தெம்பு.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஏழு பேரைப் பிடிப்பது சுலபம். அவர்களிடமிருந்து முகவரிச் சான்றும் கையெழுத்தும் வாங்குவதற்கு மூன்று வாரம் ஆனது. அலுவலக முகவரிக்கு மாமா சம்மதக் கடிதம் கொடுத்தார், வாடகை கேட்க மாட்டேன் என்பதையும் அதிலேயே எழுதிக்கொடுத்தார்.

பைலா, அதாவது சங்கத்தின் விதிகள், எழுத உட்கார்ந்தபோதுதான் சண்டை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கும்பகோணம். ஆளுக்கொரு ஓட்டு என்றால் எல்லாப் பதவியும் உங்களுக்கே போகும் என்று மாயவரத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதற்கும் கூட்டமைப்பைத்தான் துணைக்கு இழுத்தேன். அங்கே ஒரு நாட்டுக்கு ஓர் உறுப்பு அமைப்புதான். உலக அமெச்சூர் போட்டிக்கும் நாட்டுக்கு ஒருவர். சீனாவில் எத்தனை பேர் ஆடினாலும் வருவது ஒருவர், பத்துப் பேர் மட்டும் ஆடும் நாட்டிலிருந்தும் ஒருவர். கடைசியில் ஓட்டு ஆளுக்கொன்று, செயற்குழுவில் மட்டும் ஊருக்கு ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று முடிந்தது. செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டு. அதற்கு மேல் சட்டமே விடாது, அந்த மட்டும் ஒரு சண்டை மிச்சம்.

அந்த 'நாட்டுக்கு ஒருவர்' விதியைக் கேட்டு மன்னார்குடித் தம்பி வாடிப்போனான். நம் சங்கம் பதிவானதும் நேராக உலகப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். தேசிய அமைப்பு வழியாகத்தான் போக முடியும் தம்பி என்றேன். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2010இல் குவாங்சோவிலும் அப்புறம் ஹாங்சோவிலும் கோவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள், அங்கே போனால் ஊக்கமருந்துச் சோதனையும் உண்டு என்று சொல்லிவைத்தேன். உடனே மாமா, "அப்ப டிகிரி காபி குடிக்கக் கூடாதா?" என்றார். காபியில் இருக்கும் கஃபீன் 2004இலேயே தடைப் பட்டியலிலிருந்து போய்விட்டது மாமா, நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம் என்ற பிறகுதான் நிம்மதியானார். அவர் ஆட்டத்துக்கு ஆசியப் போட்டி எந்தக் காலத்தில் என்பது வேறு விஷயம்.

ஆண்டுப் பொதுக்குழு எந்த மாதம் என்பதை முடிவு செய்தது, உறுப்பினராக இருக்கும் விவசாயி அண்ணன். தையில் வைக்கலாம் என்றேன். "சம்பா அறுப்பை யாரு பாக்குறது?" ஆடி? "தண்ணி வந்து வேலை நெருக்குற நேரம்." ஐப்பசி? "மழையில பஸ்ஸே வராது." சித்திரைதான் மிஞ்சியது. மார்ச் 31இல் கணக்கு முடிந்திருக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சையும் முடிந்திருக்கும். யோசித்துச் செய்ததுபோல அமைந்துவிட்டது.

ஆனால் எங்களை உண்மையில் உலுக்கியது போட்டி விதிகள் பற்றிய பத்திதான். கோ ஆட்டத்தில் விதி கொஞ்சம்தான், ஆனால் முடிவில் எண்ணுவதில் உலகமே இரண்டு பட்டுக் கிடக்கிறது. ஜப்பானிய முறையில், நாம் வளைத்த காலி இடத்தையும் பிடித்த காய்களையும் கூட்ட வேண்டும். சீன முறையில், வளைத்த இடத்தோடு பலகையில் உயிரோடு நிற்கும் நம் காய்களையும் கூட்ட வேண்டும். முதலில் ஆடும் கருப்புக்குச் சாதகம் என்பதால் வெள்ளைக்குக் கொடுக்கும் ஈடு, ஜப்பானில் ஆறரை, சீனாவில் ஏழரைப் புள்ளி. சமன் ஆகாமல் இருக்கத்தான் அந்த அரை. கூட்டமைப்பு வந்து நாற்பது ஆண்டு தாண்டியும் எல்லோரையும் ஒரே விதிக்குள் கொண்டுவர முடியவில்லை.

எங்கள் இரண்டாவது போட்டியில் இதனால்தான் ரகளை. மூலையில் இருந்த ஐந்து வெள்ளைக் காய்கள் செத்துவிட்டன, இனிப் பிடிபடாமல் தப்ப முடியாது என்றான் ஒரு பையன். "எங்கே, பிடிச்சுக் காட்டு" என்றான் எதிரே இருந்தவன். நாங்கள் ஜப்பானிய முறையில் எண்ணிக்கொண்டிருந்தோம். பிடித்துக் காட்ட அவன் தன் இடத்துக்குள்ளேயே காய் வைத்தால் வைத்த காய்க்கு ஒரு புள்ளி குறையும். எதிராளி பதில் ஆடாமல் சும்மா இருந்தே ஜெயித்துவிடலாம். பையன் அழுதேவிட்டான். டீச்சர் அன்றிரவே இரண்டு முறையையும் தாளில் போட்டுப் பார்த்து, பிள்ளைகளுக்குச் சீன முறைதான் என்று தீர்ப்புச் சொன்னார். அதில் உன் இடத்துக்குள் நீ காய் வைத்தாலும் நஷ்டமில்லை, காலி இடம் காயாக மாறுகிறது, அவ்வளவுதான். தகராறு வந்தால் ஆடியே தீர்த்துக்கொள்ளலாம். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடு போட்ட முழுப் பலகையில் மொத்தம் 361 புள்ளி, வெள்ளைக்கான ஏழரை ஈட்டையும் சேர்த்துப் பார்த்தால் கருப்பு 185 எடுத்தால் வெற்றி. பைலாவில் அப்படியே எழுதினோம். அதைப் படித்த வழக்கறிஞர் நண்பர், "இது சங்கத்துக்கா, ஆட்டத்துக்கா?" என்றார். இரண்டுக்கும்தான் சார்.

சான்றிதழ் வந்த பிறகு, ஐந்து பலகை செய்ய ஆசாரியிடம் போனேன். கோ பலகை சதுரம் இல்லை. கோட்டுக்குக் கோடு அகலவாக்கில் 22 மில்லிமீட்டர் என்றால் நீளவாக்கில் கிட்டத்தட்ட 24. உட்கார்ந்து சாய்வாகப் பார்ப்பவர் கண்ணுக்கு நீளம் குறுகித் தெரியும், அதற்கான ஈடு. தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். பலகை வந்தது, கச்சிதமான சதுரத்தில். "அளவைத் தப்பா எழுதியிருந்தீங்க, நானே சரி பண்ணிட்டேன்" என்றார். இரண்டு பக்கமும் 22! காய்கள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவு நேர்த்தியான வேலை. அவர் பில் தருவதில்லை என்பதால் டீச்சர் ஒரு வவுச்சர் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினார். அவர்தான் எங்கள் பொருளாளர். இரண்டு ரூபாய் செலவென்றாலும் வவுச்சர் இல்லாமல் தர மாட்டார்.

வங்கிக் கணக்குக்கு பான் அட்டை, தீர்மான நகல், மூன்று பேர் கையெழுத்து என்று நான்கு நடை. பாஸ்புத்தகத்தில் 'கோ-கோ' என்று வந்து, திருத்த ஐந்தாவது நடை.

மாடிப்படி ஓரம் பெயர்ப் பலகை மாட்டியது தை மாதம். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே ஒரு டிராக்டர் வந்து நின்றது. பெரியவர் ஒருவர் அண்ணாந்து, "வைக்கோல் கொண்டாந்திருக்கேன், எங்க இறக்கறது?" என்று கூவினார். ஓடிப்போய் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, கொண்டாந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போறதா? ஏதாவது மாட்டுக்குப் போடுங்க" என்றார். விவசாயி அண்ணன் தன் நாலு மாட்டுக்கு எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஐந்நூறு ரூபாய் தந்தார். நான் பேசாமல் பையில் போடப் பார்த்தேன். டீச்சர் விடவில்லை. அந்தப் பெரியவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, ஊரும் பெயரும் கேட்டு, எங்கள் முதல் நன்கொடை ரசீதை எழுதினார்: வைக்கோல், ஒரு டிராக்டர்.