நீரடி ஒலித்தொடர்பில் பண்பேற்றம்: தேர்வுக்கும் வைவாவுக்கும் படிக்கும் முறை

எஃப்எஸ்கே (அதிர்வெண்ணை மாற்றித் தரவு அனுப்புவது), பிஎஸ்கே (அலையின் கட்டத்தை மாற்றி அனுப்புவது), ஓஎஃப்டிஎம் (பட்டையைப் பல சப்கேரியர்களாகப் பிரித்து அனுப்புவது) எனப் பண்பேற்றச் சூத்திரங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால், ‘இந்தச் சேனலுக்கு எதை எடுப்பீர்கள், ஏன்?’ என்ற கேள்வியில் மதிப்பெண் போய்விடும். பண்பேற்றப் பாடத்தைத் திறக்கும் முன்பே உறிஞ்சல் (நீர் ஒலியை விழுங்குவது), தாமதப் பரவல் (எதிரொலிகள் வந்து முடியும் கால அளவு), டாப்ளர் (நகர்வால் அதிர்வெண் விலகுவது) மூன்றையும் எண்ணாகப் போட்டுப் பழகுங்கள்.

உறிஞ்சலுக்கு, அதிர்வெண்ணை வைத்துக் கடல்நீரில் ஒலி இழப்பைத் தரும் தார்ப் சூத்திரம் போதும்: 10 கிலோஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 1.2 டெசிபல், 100 கிலோஹெர்ட்ஸில் 34. தூரம் கூடினால் பட்டை அகலம் சுருங்குவது இதனால்தான்.

தாமதப் பரவல் 10 மில்லிசெகண்ட் என்று கொடுத்திருந்தால், வினாடிக்கு 4000 சிம்பல் போகும் க்யூபிஎஸ்கேயில் (ஒரு சிம்பலுக்கு 2 பிட் ஏற்றும் பிஎஸ்கே) ஒரு சிம்பலின் எதிரொலி அடுத்த 40 சிம்பல்கள் மேல் விழும். இந்த எதிரொலிகளை நீக்கும் வடிகட்டியான ஈக்வலைசர் அரை சிம்பல் இடைவெளியில் இயங்கினால், அதற்கு 80 டேப் (எடைக் கெழு) வேண்டும். கூடவே கட்டத்தைப் பின்தொடரும் சுற்றான பிஎல்எல்லும் வேண்டும். அதை விட்டுவிட்டால் ஈக்வலைசர் நிலைகொள்ளாது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது டாப்ளருக்கு. நீரில் ஒலி வேகம் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர்தான். கருவி வினாடிக்கு 0.5 மீட்டர் நகர்ந்தாலே 25 கிலோஹெர்ட்ஸ் கேரியர் (தரவைச் சுமக்கும் அலை) 8.3 ஹெர்ட்ஸ் விலகும். இதை நடுவாகக் கொண்ட 5 கிலோஹெர்ட்ஸ் பட்டையை ஓஎஃப்டிஎம்மில் 512 சப்கேரியராகப் பிரித்தால் இடைவெளியே 9.77 ஹெர்ட்ஸ்தான்! போதாததற்கு, பட்டையின் கீழ்முனை 7.5, மேல்முனை 9.2 ஹெர்ட்ஸ் நகரும். ஒரே அதிர்வெண் திருத்தம் நடுப்பகுதியை மட்டுமே சரிசெய்யும். முதலில் முழு சிக்னலையும் மறுமாதிரி எடுங்கள், அதாவது அதன் கால அளவையே நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யுங்கள். மிச்சத்துக்குத்தான் அதிர்வெண் திருத்தம்.

எவ்வளவு மறுமாதிரி எடுப்பது? ஃபிரேமின் (ஒரு தரவுத் தொகுப்பின்) முன்னும் பின்னும் ஒரே மாதிரி எல்எஃப்எம் சிர்ப் (அதிர்வெண் சீராக மாறும் ஒலித்துடிப்பு) வைத்து, பெறும் முனையில் அவற்றை ஒப்பிடும்போது வரும் இரண்டு உச்சங்களின் இடைவெளியை அளக்க வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில், 1 வினாடி இடைவெளி மேற்சொன்ன வினாடிக்கு 0.5 மீட்டர் நகர்வுக்கு 32 மாதிரிகள் மாறும். டாப்ளர் சிர்ப்பின் உச்சத்தையே தள்ளிவிடாதா என்று வைவாவில் மடக்குவார்கள். தள்ளும், ஆனால் இரண்டையும் ஒரே அளவு தள்ளுவதால் இடைவெளி கெடாது.

திறன் என்றாலே ஹெர்ட்ஸுக்கு எத்தனை பிட் என்று எழுதிவிடாதீர்கள். நேட்டோ தரமான ஜானஸ் 4160 ஹெர்ட்ஸ் பட்டையில் வினாடிக்கு வெறும் 80 பிட் வேகத்தில் அதிர்வெண் தாவும் எஃப்எஸ்கேயைப் பயன்படுத்துகிறது. கட்டத்தைப் பின்தொடரத் தேவையில்லை; அறிமுகமில்லாத இரு கருவிகள் மோசமான சேனலிலும் முதல் தொடர்பு கொள்ள முடியும்.

வேகக் கணக்கில் அடிக்கடி நழுவும் இடம்: மேலுள்ள ஓஎஃப்டிஎம்மில் க்யூபிஎஸ்கே என்றதும் 10 கிலோபிட் என்று எழுதிவிடுவது. கால் பங்கு பைலட் (சேனலை அளக்க வைக்கும், தரவில்லாத சப்கேரியர்), பாதி விகிதக் குறியாக்கம் (பிழை திருத்தத்துக்குப் பாதிப் பிட்), 20 மில்லிசெகண்ட் காவல் இடைவெளி (எதிரொலி அடங்க விடும் நேரம்) மூன்றையும் கழித்தால், 122.4 மில்லிசெகண்டுக்கு 384 பிட், அதாவது வினாடிக்குச் சுமார் 3137 பிட்தான்.