சில் லெவல் ஐந்தடி

அமெரிக்காவில் ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், கறுப்பின மக்கள் வாழும் பகுதி ஒன்றுக்கான சின்ன மருத்துவமனையின் வரைபட வேலை என் கைக்கு வந்தது. காத்திருப்பு அறை ஜன்னல்களுக்கு சில் லெவல் (தரையிலிருந்து ஜன்னலின் அடிவிளிம்பு வரை உள்ள உயரம்) ஐந்தடி, பக்கத்தில் 'பாதுகாப்பு' என்று ஒரு குறிப்பு. ஏன் என்று கேட்காமல் நானும் வரைந்துவிட்டேன். ஊர்க்கூட்டத்தில் படத்தை விரித்தபோது வயதான அம்மா ஒருவர், "இதில் உட்கார்ந்தால் எனக்குத் தெரு தெரியுமா?" என்றார். தெரியாது. "அப்போ யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறீர்கள்?" எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அலுவலகத்தில் அடையாளம் என்ற பேச்சு வந்தாலே முகப்புக்குத்தான் போவார்கள். வாஷிங்டனில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம்தான் உதாரணம். அதன் மூன்றடுக்கு வடிவம் மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்கள் செதுக்கிய மரத்தூண் ஒன்றின் உச்சியிலிருந்து வந்தது. வெண்கல நிறத் தகடுகளின் பின்னல், அடிமைகளாக இருந்த கைவினைஞர்கள் தெற்கத்திய ஊர்களில் செய்த இரும்புக் கிராதிகளை நினைவூட்டுவது. அழகுதான், குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்த்து நாங்களும் ஒரு துளைத்தகட்டை முகப்பில் ஒட்டியிருந்தோம், ஜன்னலை மறந்துவிட்டு.

அப்புறம் ஒரு விடுமுறையில் அலபாமாவின் மான்ட்கோமெரிக்குப் போனேன். நிறவெறிக் கும்பல்கள் 1877 முதல் 1950 வரை கொன்றவர்களுக்கான நினைவிடம், 2018-ல் திறந்தது. ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற சட்ட உதவி அமைப்பும் மாஸ் டிசைன் குரூப் என்ற கட்டிடக்கலை நிறுவனமும் சேர்ந்து செய்தது. கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட துரு நிற எஃகுத் தூண்கள், அவற்றில் 4,400-க்கும் அதிகமானவர்களின் நினைவு. பெயர் தெரியாத இடத்தில் 'அறியப்படாதவர்' என்றே வெட்டியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் தூண்கள் நம் உயரத்துக்கு நிற்கும், பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம், பிறகு தரை மெல்லச் சரியும், தூண்கள் இருந்த மட்டத்திலேயே இருக்க நாம் மட்டும் இறங்கிக்கொண்டே போவோம், ஒரு திருப்பம் தாண்டியதும் எல்லாம் தலைக்கு மேல் தொங்கும். செக்ஷனில், அதாவது வெட்டுத்தோற்ற வரைபடத்தில், பார்த்தால் இது ஒரு சரிவுக்கோடு, அவ்வளவுதான். ஆனால் என் கழுத்து தானாக அண்ணாந்துவிட்டது.

திரும்பி வந்து சில் லெவலை இரண்டரை அடிக்கு இறக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். சரி என்றார்கள். கண்ணாடிச் செலவு ஏறியதால் வாசலில் உட்கார வைத்திருந்த திண்ணையின் கூரையை வெட்டிவிட்டார்கள். துளைத்தகடு மட்டும் பத்திரமாக இருக்கிறது. கூரை போன விஷயத்தை அந்த அம்மாவிடம் யாராவது சொன்னார்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.