அடுத்த கேலிப்ரேஷன் தேதி

எடைக்கற்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் கேலிப்ரேஷன் லேபில் எனக்குப் பல வருட வேலை. அங்கே தேதி ஸ்டிக்கர் ஒட்டாத பொருளே கிடையாது: கடைசியாகச் சரிபார்த்த நாள், அடுத்து சரிபார்க்க வேண்டிய நாள். மற்ற கற்களைச் சோதிக்கிற ஸ்டாண்டர்ட் கல்லுக்கும் அது உண்டு. அதைக் கையால் தொட மாட்டோம். விரலின் எண்ணெய்ப் பசையே எடையைக் கூட்டிவிடும். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தாலும் எடை மெல்ல நகரும். இதை டிரிஃப்ட் என்போம்.

உலகத்துக்கே மூலக்கல்லாக இருந்ததும் இதற்குத் தப்பவில்லை. பாரிஸ் அருகே ஒரு பெட்டகத்தில், கண்ணாடி மூடிகளுக்குள் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் 1889 முதல் கிலோகிராம். சுமார் நூறு வருடம் கழித்து நகல்களோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம். மாறியது மூலமா, நகலா? சொல்ல வழியில்லை; அளவே அதுதானே! 2019-இல் உருளையை விட்டுவிட்டு, இயற்கையில் மாறாத ஓர் எண்ணான பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுத்தார்கள்.

ஒருமுறை, தேதி தாண்டிய ஸ்டாண்டர்ட் கல்லைக் கவனிக்காமல் பயன்படுத்திச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. "எதுவானாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று எப்போதும் சொல்லும் மேலாளரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க தப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே.

அன்று இரவு பைபிளில் மல்கியா 3:6-ஐத் திறந்தேன். "நான் கர்த்தர் நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை." முதல் பாதி சிறுவயதிலிருந்தே மனப்பாடம். அந்த 'ஆகையால்' மட்டும் எப்படியோ கண்ணில் படாமலே இருந்திருக்கிறது. மாறாதவர் என்றால் பெட்டகத்து உருளை போல என்றுதான் நினைத்திருந்தேன்: குளிர்ந்து கிடக்கும், என்னை நிறுத்துப் பார்க்கும், குறைகிறேன் என்று சொல்லும். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஜனங்கள் யார்? கண்ணில்லாததையும் கால் ஊனமானதையும் பலிக்குக் கொண்டுவந்தவர்கள், கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தில் வஞ்சித்தவர்கள். அவர்கள் அழியாமல் இருப்பதற்கே அவர் மாறாததுதான் காரணம் என்கிறது வசனம்.

அப்படியானால் அதே பைபிளின் 1 சாமுவேல் 15? இஸ்ரவேலின் முதல் ராஜாவாகச் சவுலை ஆக்கியதற்குக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டதாக 11-ஆம் வசனம். மனம் மாற அவர் மனுஷன் அல்ல என்று 29-ஆம் வசனம். ஒரே அதிகாரம்! இது வெகுநாள் என்னை உறுத்தியது. யோனாவின் கதையில் நினிவே நகரம் மனந்திரும்பியபோது, செய்வேன் என்று சொல்லியிருந்த தீங்கை அவர் செய்யாமல் விட்டதை வைத்துத்தான் ஓரளவு புரிந்துகொண்டேன். திசை மாறியது நினிவே. மனந்திரும்புகிறவனுக்கு இரங்குவது அவருடைய பழைய குணம்தான். முழுக்கத் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனாலும் அன்று எனக்கு அந்த 'ஆகையால்' போதுமாக இருந்தது, தூங்கிவிட்டேன்.

காலையில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நானே போன் செய்து சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டேன். ஒருவர் நன்றாகவே திட்டினார். சரி, வாங்கிக்கொண்டேன். மேல்நிலை லேபுக்குப் போன கல் திரும்பி வந்ததும் புது ஸ்டிக்கரில் தேதி எழுதி ஒட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.